மாலை போட்ட சேவல்

கொத்தமல்லி விதையும் காய்ந்த மிளகாயும் இரும்புச் சட்டியில் வறுபட்டு, அதன்மேல் ஒரு பிடி தேங்காய்த் துருவல் விழுந்து சிவக்கிறபோது ஒரு வாசனை எழும்புமே, அது திருத்தணியில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலிருந்து வந்தாலும், அன்றைக்கு அங்கே நாட்டுக்கோழிக் குழம்பு என்று அர்த்தம். விசைத்தறிச் சத்தத்தோடு கலந்து அந்த வாசனை தெருமுனைவரை வந்து நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிறபோது நானும் கலாவும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, இன்றைக்கு யார் வீட்டில் என்று பந்தயம் கட்டுவோம். அப்படிப்பட்ட நான், ஒரு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே வாசனை எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து வந்தபோது போர்வைக்குள் படுத்துக்கொண்டு அழுதேன்.

காரணம் துரை. துரை எங்கள் வீட்டுச் சேவல். மலைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் தமிழ் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாத ஊர் எங்களுடையது; அப்பாவை நைனா என்போம், அக்கா புருஷனைப் பாவா என்போம். அந்த நைனாதான், கொல்லையில் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற நடையைப் பார்த்துத் துரை என்று பெயர் வைத்தார். என் உள்ளங்கையில் அரிசி கொத்தித் தின்று வளர்ந்தவன். அம்மா வாய் ஓயாமல் அவனைத் திட்டுவாள், ஆனால் களிச்சட்டியின் அடியில் ஒட்டிய ‘காந்தலை’ வேறு எந்தக் கோழிக்கும் போடமாட்டாள். கரண்ட் போய்த் தறிகள் நின்று தெருவே திடீரென்று அமைதியாகுமே, அப்போது பார்த்து அவன் கூவுவான். மத்தியானமா சாயங்காலமா என்பதெல்லாம் அவனுக்குக் கணக்கில்லை.

அந்த வருஷம் அக்காவுக்குத் தலை ஆடி. பள்ளிப்பட்டிலிருந்து பாவா முதல் முதலாக விருந்துக்கு வருகிறார். மாப்பிள்ளைக்குக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போடாவிட்டால் அவர்கள் ஊர் முழுக்க நம் மானம் போய்விடும் என்று அம்மாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. கடைக்கறி போடுவதைவிடப் பட்டினி போடலாம் என்பது அவள் கட்சி. கொல்லையில் மற்றதெல்லாம் முட்டையிடும் பெட்டைகள். எஞ்சியது துரை மட்டும்தான். நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். வளர்த்தது எதற்கு, கொஞ்சுவதற்கா என்று கேட்டுவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போர்வையை உதறிவிட்டுக் கலா வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மா மலைப்படிக்குக் கீழே பூக்கடை வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் ஆடி பிறந்ததுமே ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டுவிடுவார்கள்; எங்கள் வீட்டில் கிருத்திகை நெருங்கிய பிறகுதான் கறிச்சட்டியைக் கவிழ்ப்போம். மாலை போட்டவரை, சின்னப் பிள்ளையானாலும், ‘சாமி’ என்றுதான் கூப்பிடவேண்டும். கலாவைத் திட்டும்போதுகூட அவள் அம்மா, “சாமி, எரும மாரி நிக்காத, நவுரு” என்றுதான் திட்டுவார். நான் அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் கலா கேட்டாள். என்னோடு வந்தாள். எங்கள் கொல்லையில் துரையை மூடி வைத்திருந்த கூடையைத் தூக்கி, தன் கழுத்திலிருந்த இரண்டு துளசிமணி மாலைகளில் ஒன்றைக் கழற்றித் துரையின் கழுத்தில் சுற்றிப் போட்டு, அரோகரா சொல்லி, மறுபடி கூடையைக் கவிழ்த்தாள்.

நைனா கத்தியோடு வந்தார். இறகு பிடுங்க அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூடையைத் தூக்கினார். மணிமாலை தரையில் இழுபட, துரை நிதானமாக வெளியே வந்து நின்றான். நைனா அவனைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், கத்தியைத் துணி துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டார்.

“நான் கைய வெக்க மாட்டேன். மால போட்டுகினு நிக்குது பாரு.”

“அத்த அவுத்துட்டு அறு” என்றாள் அம்மா.

“மல ஏறாம மாலய எவன் அவுப்பான்? நீ வேணா அவுறு.”

அம்மா வேகமாகத்தான் வந்தாள். கையையும் நீட்டினாள். அந்தக் கை துரையின் கழுத்துக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது. பிறகு கலாவின் காதைத் திருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அரைத்து வைத்த மசாலாவை என்ன செய்வது? கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் போட்டு அதே குழம்பை இறக்கினாள். பாவா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா வெட்கத்தில் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். நைனா நடந்ததைச் சொன்னதும் பாவாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிக்கொண்டு, “அத்தே, கோழி இருந்திருந்தா அத்தத்தான் துன்னுருப்பேன், கொழம்பு ருசி தெரிஞ்சிருக்காது” என்றார். உள்ளே அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அன்று விளக்கு வைத்த பிறகு, பூ கட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: “கிருத்திகைக்கு நீயே தூக்கிகினு மல ஏறு. சாமிக்குன்னு ஆனத்த திரும்ப வூட்டுக்குக் கொண்டாரக் கூடாது. அங்கியே வுட்டுட்டு வந்துடணும்.”

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். வேண்டிக்கொண்டவர்கள் கொண்டுவந்து விட்ட சேவல்கள் மலைமேல் திரிவதை நாங்களே எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஆனாலும் அந்தக் காலை அவசரத்தில் எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

கிருத்திகை வரைக்கும் துரை எங்கள் வீட்டுச் சாமியாக இருந்தான். அம்மா எங்களுக்குப் பரிமாறுமுன் அவனுக்கு ஒரு கவளம் வைத்து, “வா சாமி, துன்னு” என்பாள். அந்த நாட்கள் இப்போது நினைத்தாலும் ஒரு மஞ்சள் வெளிச்சத்தில்தான் தெரிகின்றன: தெருவெல்லாம் மஞ்சள் துணி, காற்றெல்லாம் சாமந்தி வாசனை, தறி நின்ற நேரத்தில் துரையின் கூவல். அவன் கழுத்துச் சூட்டில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆடி முடியவே கூடாது என்று அவன் காதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கிருத்திகையன்று பம்பைச் சத்தத்துக்கும் பூக்காவடிகளுக்கும் நடுவில் படியேறினோம். துரை கூட்டத்தைக் கண்டு என் கைக்குள் ஒடுங்கினான். அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் உள்ளங்கையில் தெரிந்தது. மேலே போனதும் கலா மாலையைக் கழற்றினாள். என்னால் கையைப் பிரிக்க முடியவில்லை. அம்மாதான் வாங்கிக் கீழே விட்டாள். “போ சாமி” என்றாள். சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில், தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு கரண்ட் போய்த் தறிகள் நிற்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவோம். மலையிலிருந்து மெல்லிசாக ஒரு கூவல் வரும், அல்லது வருவதாக நினைத்துக்கொள்வோம். அம்மா கரண்டியைப் பிடித்தபடி, “கேக்குதா?” என்பாள். எனக்குக் கேட்டது.

இப்போது எங்கள் தெருவில் தறிகள் பாதிக்குமேல் நின்றுவிட்டன. கொல்லை இருந்த இடத்தில் வாடகை வீடு எழும்பிவிட்டது. அம்மாவும் இல்லை. கலா திருப்பூரில் இருக்கிறாள். பலாக்கொட்டைக் குழம்பை நானும் வைக்கிறேன். வாசனை வருகிறது, மூக்கைத் தூக்கிப் பந்தயம் கட்டத்தான் ஆளில்லை. போன ஆடியில் காரில் மலையேறி, மேலே நின்று கலாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மகனுக்குக் கல்யாணம் பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. கலா பேச்சை நிறுத்தினாள்.

“தொரையாடி?” என்றாள்.

“ஆங், அவன்தான்” என்றேன்.