கவுஞ்சிப் பெரியதும் பூம்பாறைச் சின்னதும்

பூம்பாறைச் சோலையம்மாளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அவளுக்கு நாயுடுபுரத்தில் வேலை நிலைத்ததே அந்த வாயால்தான். 1955இல் குருநாதன் வீட்டுக்குக் கூட்டிப் பெருக்கத்தான் போனாள். குருநாதன் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, வாடகை வீடு பிடித்து மலை எறும்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். முக்கோணமாக வெட்டிய சின்ன அட்டையின் நுனியில் பசை தொட்டு எறும்பை ஒட்டுவார். ஒட்டும்போதே கை தவறி ஒரு காலை முறிப்பார். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தவள் நான்காம் நாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"தள்ளுங்க சார். இப்படி ஒடிச்சுக்கிட்டே இருந்தா மலையில எறும்பு மிஞ்சாது."

பூண்டு உரித்துப் பழகிய விரல்கள். அன்று ஒட்டிய பதினேழு எறும்பில் ஒன்றுக்கும் கால் போகவில்லை. மறுநாளிலிருந்து துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போயிற்று.

இரண்டே வருஷத்தில் எறும்பின் உடம்பு அவளுக்கு அத்துப்படி. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மெல்லிய இடுப்பு. அதில் சில இனத்துக்கு ஒரு கணு, சில இனத்துக்கு இரண்டு. கணுவை எண்ணாமல் எறும்புக்குக் குலம் கோத்திரம் சொல்லக் கூடாது என்பாள். உணர்கொம்பின் துண்டுகளை லென்சில் எண்ணி, "பன்னெண்டு சார், கடைசி மூணு தடிச்சிருக்கு" என்று அவள் சொன்னால் குருநாதன் திரும்ப எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலீஷ் மட்டும் தெரியாது. அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

1958 ஆடியில் குருநாதன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. உலகத்தில் யாரும் பெயர் வைக்காத இரண்டு புது இனம் கிடைத்துவிட்டது. ஒன்று கவுஞ்சிச் சோலையில் பிடித்தது. உடம்பைத் தூக்கிச் சாப்பிடும் பெரிய தலை, தலை நடுவே ஒரு பள்ளம். மற்றது பூம்பாறைச் சோலையில் பிடித்தது. சின்னத் தலை, பளபளப்பு. பெரியதற்குத் தம்முடைய ஆசிரியர் பெயர். சின்னதற்கு அவள் பெயர். கட்டுரை எழுதியாயிற்று, தீபாவளி கழிந்ததும் சீமைக்குப் போகும்.

சோலையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்கால பஸ்ஸில் டிரைவரிலிருந்து கூடைக்காரி வரைக்கும் சொல்லித் தீர்த்தாள். மறுநாளே சேதி கவுஞ்சிக்குப் போய்விட்டது.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. கவுஞ்சியில் பெரியது, பூம்பாறையில் சின்னது என்றாரே, அது எப்படி? போன ஐப்பசியில் ஒரே நாளில் கவுஞ்சியிலிருந்து ஒன்றும் பூம்பாறையிலிருந்து ஒன்றுமாக இரண்டு குப்பி வந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டிலும் பெரிய தலையும் இருந்தது, சின்னத் தலையும் இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிப் பெரியதை ஒரு பக்கம், சின்னதை ஒரு பக்கம் ஒதுக்கியவள் அவளேதான். மேலைத் தோட்டத்துப் பூண்டையும் கீழைத் தோட்டத்துப் பூண்டையும் ஒன்றாகக் கொட்டிப் பருமன் பார்த்துப் பிரிப்பதுதானே ஊர் வழக்கம். கை தன் பாட்டுக்கு அதைச் செய்துவிட்டது. பெரிய குவியலுக்குக் கவுஞ்சிச் சீட்டு, சின்னக் குவியலுக்குப் பூம்பாறைச் சீட்டு.

சொன்னால் பெயர் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தாள். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த வாயை நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. மூன்றாம் நாள் வெள்ளனே பஸ் ஏறினாள்.

"ரெண்டும் ஒரே இனம் சார். கலந்தவ நாந்தான்."

குருநாதன் முகம் கறுத்துவிட்டது. பெரிய தலைக்காரனும் சின்னத் தலைக்காரனும் ஒரே கூட்டில் இருப்பது உண்டென்று அவருக்குத் தெரியாதா? சீட்டை நம்பித்தானே பிரித்தார். எட்டு மாச உழைப்பு.

"வருஷம் ஆகப்போகுது. உங்க நினைப்பு தப்பா இருக்கலாம்மா."

"கூட்டைத் தோண்டிக் காட்டட்டுமா?"

"ஒரு இனத்துக் கூட்டுல இன்னொரு இனம் ஒண்டிக் குடியிருக்கும். அதெல்லாம் சாட்சி ஆகாது. ஒரே தாய் வயித்துல ரெண்டும் பொறந்ததைக் காட்டணும்."

"அம்புட்டுத்தானே?" என்றாள் சோலையம்மாள்.

ஆவணியில் பூம்பாறைச் சோலையில் ஒரு கூட்டைத் தோண்டி, ராணியையும் சின்னத் தலைக்காரர்களில் ஐம்பது அறுபதையும் மட்டும் எடுத்து வந்தாள். பெரிய தலை ஒன்றுகூட வேண்டாம், பழைய முட்டை புழுவும் வேண்டாம் என்று தள்ளினாள். ஈர மண் போட்ட ஊறுகாய் ஜாடி. அதன் வாய்க்கு மெல்லிய துணிக் கட்டு. மலைக் குளிருக்கு ராணி முட்டையிட மாட்டாளென்று ஜாடியை அடுப்படி ஓரத்தில் வைத்தாள். செத்த ஈயும் தினைமாவும் தீனி. அவள் புருஷன் நல்லசாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஊரு உலகத்துல எறும்பை வெரட்டுவாங்க. இவ ஆக்கிப் போட்டு வளக்குறா."

"உங்களையே வளக்குறேன், இது என்ன பெரிய சோலி?"

ராணி முட்டையிட்டாள். முட்டை புழுவாயிற்று, புழு கூட்டுப்புழுவாயிற்று. முதலில் வந்ததெல்லாம் சின்னத் தலைதான். புரட்டாசி முழுக்க அப்படியே போயிற்று. தான் நினைத்தது தப்போ என்று சோலையம்மாளுக்கே ஒருநாள் சந்தேகம் வந்துவிட்டது. ஐப்பசி பிறந்து நாலாம் நாள் கூட்டுப்புழுக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கொழுத்துக் கிடந்தது. பத்தாம் நாள் அது எழுந்து நின்றது. வெளுத்த நிறம், உடம்பைவிடப் பெரிய தலை, நடுவே பள்ளம். அக்காக்கள் சுற்றி நின்று அதை நக்கிக்கொண்டிருந்தன.

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு நாயுடுபுரம் வந்தாள். குருநாதன் லென்சை வைத்து வெகுநேரம் பார்த்தார். இடுப்புக் கணுவை எண்ணினார், உணர்கொம்பை எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொன்னதுதான் சரிம்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

கட்டுரையை எடுத்து மேஜையில் விரித்தார். மேலே பெரியதற்கு வைத்த அவருடைய வாத்தியார் பெயர், கீழே சின்னதற்கு வைத்த அவள் பெயர். ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான் நிற்கும் என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்து கீழே கொண்டுபோனார். சோலையம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியும். அந்த வரியின் மேல் கையை வைத்தாள்.

"சார், பிரிச்சது நானு. சேத்து வச்சதும் நானு. உங்க வாத்தியாரு இதுல என்ன செஞ்சாரு?"

குருநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. அவர் பேனாவை மேலே கொண்டுபோய் முதல் பெயரை அடித்தார்.