சத்தம் அடங்கிய பெட்டி

பேசப்போகும் முன் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிடுவார். அதன் ஓசைகூட மைக்கில் விழும் என்பார். பிறகு ஒரு மடக்கு வெந்நீர். சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு நின்றபடியே பேசுவார். உட்கார்ந்தால் குரல் வயிற்றில் மடங்கிவிடுமாம்.

அதியமான்கோட்டையில் என் அப்பா பெரியண்ணனை முகத்தால் அறிந்தவர்களைவிடக் குரலால் அறிந்தவர்கள் அதிகம். கடைத் திறப்பு, மெத்தைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, இரங்கல் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்களில் நல்லம்பள்ளி வரை சுற்றுவது அவர் பதிந்து கொடுத்த குரல்தான். அறுபத்து நான்கு வயது. வீட்டில் சோறு கேட்பதும் அதே தொனியில்தான். "உங்கள் இல்லத்தில் இன்று என்ன குழம்பு?" என்பார். "ஆட்டோ சந்துக்குள்ள வந்துடுச்சு, தட்ட எடுத்து வையி பாப்பா" என்பாள் அம்மா.

பதிவுக்கூடம் என்பது வீட்டின் பின்னறை. அங்கிருந்த கணினியின் விசிறி மாவு மில்போல இரையும். அதற்கு அம்மா கண்டுபிடித்த வழி கம்பளி. அப்பா கையைத் தூக்கியதும் கணினிமேல் கம்பளியைப் போட்டு மூடுவாள்; பேசி முடித்ததும் உருவுவாள். நீளமான அறிவிப்பு என்றால் முன்கூட்டியே எச்சரிப்பாள்: "வளவளன்னு பேசாதீங்க. நீங்க முடிக்கறதுக்குள்ள உள்ள பருப்பு வெந்துடும்." கடைசிச் சொல் வாயைவிட்டு வந்ததும், கம்பளியில் கை வைத்தபடி கேட்பாள்: "முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் நிறுத்தலடி. உங்கொரலும் விழுந்துடுச்சு."

"விழுந்தா வெட்டிக்கோங்க."

ஆட்டோவுக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் வெட்டுவார். மூலப் பதிவை அப்படியே வைத்திருப்பார்.

பெங்களூரில் கணினிகளின் சூட்டையும் இரைச்சலையும் அளப்பது என் வேலை. சத்தமில்லாத கணினிப் பெட்டி ஒன்று வாங்கி வருகிறேன் என்று நான்கு வருடம் சொன்னேன். வாங்கவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது, கணினியின் வன்வட்டில் இடமில்லை என்று அப்பா சொன்னதால், ஒரு நிரல் எழுதி எண்ணூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் சுத்தம் செய்தேன். இரைச்சலை நீக்கினேன். அப்பாவின் பேச்சு முடிந்த பிறகு மிஞ்சியதையெல்லாம் நறுக்கினேன். பழையவற்றின்மேலேயே சேமித்தேன். பதினொரு நிமிட வேலை.

மாசியில் அம்மா இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள் அப்பா கேட்டார்: "பழசுல கடைசியில அவ பேசுனது இருக்குமே. ஒன்னு போடு பாப்பா."

எதிலும் இல்லை. மீட்டெடுக்கும் மென்பொருள்கள் மூன்றை ஓட்டிப் பார்த்தேன். கல்யாண வீடியோக்களில் அம்மா வரும் இடமெல்லாம் பாட்டு ஓடுகிறது. போனில் அவள் பேசியதை நாங்கள் யாரும் பதிந்து வைக்கவில்லை. நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். "நீ நல்லதுக்குத்தான பண்ணுன" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வீட்டில் பேசுவார், மைக்கின் முன்னால் இல்லை. அறிவிப்பு கேட்டு வந்தவர்களிடம் ஒரே பதில்: "மிஷின் சத்தம் போடுதுப்பா." பாத்திரக்கடை சின்னராஜ் மட்டும் விடாமல் போன் செய்தார். "வேற ஆள் பேசுனதக் கேட்டுட்டு, கடைய வித்துட்டீங்களான்னு கேக்கறாங்கண்ணா. இப்ப ரெண்டாவது கடை தெறக்கறேன். நீங்கதான் பேசணும்." ஆறு மாதம் இப்படியே போனது. அப்பா சொன்ன காரணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, இந்த ஆவணியில் பெட்டியை வாங்கி வந்தேன்.

பக்கத் தகடுகளின் உட்புறம் தடித்த நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தது. வட்டுக்கு அடியில் ரப்பர் வளையங்கள். முன்புறம் கனமான கதவு. கணினியின் உள்பாகங்களை இதற்கு மாற்றி, பெரிய விசிறிகளைப் பூட்டி, மூன்றடி தள்ளி, சத்தம் அளக்கும் மீட்டரை வைத்தேன். பழையது நாற்பத்தாறு டெசிபெல், இது இருபத்தேழு. சூடு நான்கு டிகிரி கூடுதல். அது பாதகமில்லை.

அப்பா என் மீட்டரைப் பார்க்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, பெட்டியின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். பழைய பெட்டியில் வைத்தால் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கும். இதில் அசையவில்லை.

"ஆன் பண்ணிட்டயா?"

"பண்ணிட்டேம்ப்பா."

"பொய் சொல்லாத."

பின்புறம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காத்து வருது. அப்ப ஓடுதுதான்." தகட்டை விரலால் தட்டினார். "கெட்டியா இருக்குது. இனிமே மிஷின் மேல பழி போட முடியாது."

டம்ளரை எடுத்துக் கீழே வைத்தார். சின்னராஜ் தாளில் எழுதி அனுப்பியிருந்த வாசகத்தை இரண்டு முறை மனதுக்குள் படித்தார். பதிவைத் தொடங்கிவிட்டு நிமிர்ந்து நின்றார். குரல் முதலில் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாவது வரியில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. குக்கர், அண்டா, சீர்வரிசைப் பாத்திரங்கள், கடை இருக்கும் தெரு, திறப்பு நாள். ஓர் எழுத்து பிசகவில்லை. "அனைவரும் வருக, ஆதரவு தருக" என்று முடித்தார்.

நாற்பது விநாடி அறிவிப்பு. அப்பா மவுஸின்மேல் கை வைத்தார். அம்மா கம்பளியில் கை வைத்துக் கேட்கும் நேரம். பதிவை நிறுத்தவில்லை. திரையில் ஒலி அலையின் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் தாண்டியது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், சரசரப்பு மைக்கில் விழாதபடி, மெதுவாக.