சத்தம் கூடாத வீடு

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் மிக்ஸி இருந்தது, ஓடியதில்லை. டிவி ஊமைப்படம் காட்டும். எல்லாம் அம்மா போட்ட சட்டம். தங்கையை வயிற்றில் சுமந்துகொண்டு நூற்பாலையில் ஷிப்ட் பார்த்தவள் அம்மா. தங்கைக்குப் பேச்சு வராமல் போனபோது, "மெஷின் இரைச்சல்ல புள்ள வாய அடைச்சுப்புட்டியே" என்றாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அம்மா அத்தையைத்தான் நம்பினாள்.

மில்லுக்குள் வாய்ப்பேச்சு எடுபடாது, கைஜாடைதான். அம்மா அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் மில்லில் நூல் அறுந்தது, எங்கள் வீட்டில் கரண்ட் போனது. தங்கை முகங்களைப் பார்க்கமாட்டாள், கைகளைப் பார்ப்பாள். சாயங்காலங்களில் மூவரும் கையாலேயே பேசிச் சிரித்திருக்கிறோம். கல்லூரி விடுதியில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசும்போது அந்த வீட்டுக்காக ஏங்குவேன்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். உயிர்வேதியியல் எடுத்தேன். அந்தப் பெருமையை மறைக்கமாட்டேன். ஒரு விடுமுறையில் அம்மாவிடம் சொன்னேன்: மூளையில் ஒரு செல் ரசாயனத்தை விடும், பக்கத்துச் செல் அதை வாங்கிச் சேதி தெரிந்துகொள்ளும். ஆட்டிசத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் வேறு மாதிரி நடக்கிறதா என்று ஆராய்கிறார்கள். இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

"அப்ப செல்லுகளுக்குள்ளயும் கைஜாடைதானா?"

"கிட்டத்தட்ட."

"என் மில்லு சத்தம்?"

"அதுனால இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ணல."

"இன்னொருக்கா சொல்லு" என்றாள் அம்மா.

அந்த ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்த்துவிட்டு அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். இலை போட்டதும் அத்தை தங்கையைப் பார்த்து ஆரம்பித்தாள். "மில்லுக்குப் போகாதட்டின்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டியா?"

"மில்லால இல்ல மதினி" என்றாள் அம்மா. "மூளையில செல்லுக பேசிக்கிறதே வேற மாதிரியாம். எம்மக படிச்சுட்டுச் சொன்னா. அதுவும் பூராத் தெரியாதாம்."

"பூராத் தெரியாத படிப்பு என்னத்துக்குட்டி?"

"இத்தன வருசமாப் பூராத் தெரிஞ்ச மாதிரி பேசுனீகளே, அதுக்கு இது தேவல."

எப்போதும் அந்த வீட்டில் அரை வயிற்றோடு எழுந்துவிடும் அம்மா, அன்றைக்கு ரசத்துக்கு இன்னொரு கரண்டிச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.