ஃப்ரீமான்ட்டில் சிவந்த குருவிகள்

மூன்று கோடைகாலம் நான் அமெரிக்காவின் ஃப்ரீமான்ட்டில் பிறர் வீட்டுக் கொல்லைகளில் விடியற்காலையில் புகுந்து குருவி பிடித்தேன். இதைத் தொழில் என்று சொன்னால் எவரும் பெண் கொடுக்கமாட்டார்கள். முனைவர் பட்ட ஆய்வு என்று சொல்லிப் பார்த்தேன், அப்போதும் கொடுக்கவில்லை.

குருவி என்பது ஹவுஸ் ஃபின்ச். நம் ஊர்ச் சிட்டுக்குருவியின் அளவு, விதை உடைக்கத் தடித்த அலகு. ஆணுக்குத் தலையும் மார்பும் சிவந்திருக்கும். எல்லா ஆணுக்கும் அல்ல. சிலவற்றுக்கு ஆரஞ்சு, சிலவற்றுக்கு வெளிறிய மஞ்சள். இந்த நிறத்தைக் குருவி தானாக உண்டாக்க இயலாது. கோடை முடிவில் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும்போது எதைத் தின்கிறதோ, அதன் சாயமே இறகில் ஏறும். பெட்டைகளோ மிகச் சிவந்தவனையே தேர்ந்தெடுக்கும். வரன் தேடும் விளம்பரங்களில் நாம் காணும் அதே ஒழுங்கீனம்தான்.

பழுப்பு நிறத்து இளைஞன் ஒருவன் வலையோடு விடியலில் வந்து நிற்பதை அண்டை அமெரிக்கர் பொறுப்பார் என்று நான் நம்பவில்லை. ஆகவே மௌரி அவென்யூ மளிகைக் கடையில் அறிமுகமானவர்களிடமே கெஞ்சி ஆறு கொல்லைகளைப் பெற்றேன். குருவியைப் பிடித்து, காலில் வண்ண வளையம் மாட்டி, எடையும் நிறமும் குறித்துப் பறக்கவிடுவேன். எல்லா வீட்டாரிடமும் ஒரே வேண்டுகோள்: வழக்கம்போல் இருங்கள், எனக்காக எதையும் மாற்றவேண்டாம்.

ஐந்தாம் வீடு ஓடைக்கரையில் இருந்தது. அங்கே கீழக்கரைத் தம்பதியர். எனக்கு அங்கிளும் ஆன்ட்டியும். அங்கிள் பக்கத்து ஊரான மில்பிடாஸில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்து, இணைய நிறுவனங்கள் கவிழ்ந்த டாட்காம் சரிவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவர்கள் கொல்லைக் குருவிகள் தணல்போல் சிவந்திருந்தன. மற்ற ஐந்து கொல்லைகளிலும் அப்படி ஒன்றுகூட இல்லை. ஓடைக்கரைக் காட்டுப் பழங்களே காரணம் என்று ஓர் அத்தியாயம் எழுதினேன். அது தேறினால் அவ்வாண்டே பட்டம். பட்டம் கிடைத்தால் டெக்சஸில் ஓர் ஆசிரியப் பணி எனக்காகக் காத்திருந்தது. தேர்வுக்குழு கூடுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அவ்வீட்டுக்கு நான் செல்வது சனிக்கிழமைகளில். கொல்லை கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். நாற்காலியில் துணி விரித்து, சமோசாவும் தேநீரும் வைத்திருப்பார் ஆன்ட்டி. அங்கே மட்டும் எனக்கு ஓயாத தும்மல். புல்லின் மகரந்தத்தைக் குற்றம் சாட்டிக் குறிப்பேட்டிலும் எழுதிவைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, மறந்து வைத்துவிட்ட தராசை எடுக்க, முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். பக்கவாட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கொல்லையில் குடை நிழலில் கைலியோடு அங்கிள். மடியில் லேப்டாப், கையில் பேட்மின்டன் மட்டை. எதிரே இரண்டு படுக்கை விரிப்பு நிறைய மிளகாய். அதன்மேல் என் வளையம் அணிந்த குருவிகள் வரிசையாக அமர்ந்து விருந்துண்டுகொண்டிருந்தன.

"வாங்க தம்பி. இன்னிக்கு சனிக்கிழமையா?"

"புதன், அங்கிள்."

"வேலை இல்லாதவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"இந்த மொளகாய் எத்தனை நாளா காயுது?"

"வருஷா வருஷம் சம்மர்ல காயும். ஸ்டோர் பவுடர்ல கலரே இல்லையாம் உங்க ஆன்ட்டிக்கு. எனக்கு லேஆஃப் ஆனதும் செக்யூரிட்டி போஸ்ட் குடுத்துட்டா."

"குருவி திங்குதே, அங்கிள். மட்டை எதுக்கு?"

"மத்த குருவிய விரட்டுறேன். இதுங்க கால்ல வளையம் இருக்கு. கவர்மென்ட் குருவி. க்ரீன் கார்ட் பெண்டிங்ல இருக்குறப்ப எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

பறவைக்கு மிளகாய் உறைக்காது. அதன் சிவப்பு மட்டும் நேராக இறகுக்குப் போகும். இதை நானே மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

குரல் கேட்டு ஆன்ட்டி வந்தார். "சொல்லாம வந்துட்டீங்களே தம்பி. வீடு கெடக்குற கெடப்பு."

"சனிக்கிழமை இதெல்லாம் எங்க போகும், ஆன்ட்டி?"

"கராஜுக்கு. வெள்ளி சாயங்காலமே அள்ளி வெச்சுருவேன். நீங்க ரிசர்ச் பண்ற எடத்துல மொளகாய பரப்பி வெச்சா நல்லாவா இருக்கும்?"

"வழக்கம்போல இருங்கன்னு சொன்னேனே."

"ஆள் வர்றாங்கன்னா கூட்டிப் பெருக்குறதுதான் எங்க வழக்கம்."

என் முகம் போன போக்கைப் பார்த்துக் காரணம் கேட்டார்கள், சொன்னேன். அங்கிள் மட்டையைக் கீழே வைத்தார். "ரெஸ்யூமேல நாம எல்லாத்தையுமா எழுதுறோம்? விடுங்க தம்பி."

ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் அந்த அறிவுரையை நான் உண்மையாகவே பரிசீலித்தேன். மிளகாயைப் பற்றி அறிந்தவர்கள் மூவர். அவர்களில் இருவர் என் பக்கம். ஆனால் அந்த அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபோது, அது பொய்யாக இருந்ததோடு அழகாகவும் இருந்தது. இரண்டாவதுதான் என்னால் தாங்க முடியாததாயிற்று. என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்து நெடுநேரம் சிரித்தார். பிறகு, மிளகாய் இல்லாத ஒரு கோடையைக் காட்டு என்றார். பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. டெக்சஸ் வேலை வேறொருவருக்குப் போனது.

அடுத்த கோடையில் மிளகாய் காயவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "ஒரு வருஷம் ஸ்டோர் பவுடரா?" என்று ஆன்ட்டி கேட்டார். வீட்டை விற்கச் சொன்னால்கூட அவ்வளவு துயரம் தோன்றியிராது. ஆயினும் ஒப்புக்கொண்டார். மறுகோடையில் மீன்குழம்பு வெளிறியது. அதற்கு என் பெயரைச் சூட்டி அங்கிள் உண்டார். இலையுதிர்காலத்தில் வலையில் விழுந்த ஆண் குருவிகள், போன ஆண்டு தணலாய் இருந்த அதே வளையக்காரர்கள், மஞ்சளாகவும் மங்கிய ஆரஞ்சாகவும் இருந்தன. ஓடைப் பழங்கள் அப்படியேதான் இருந்தன. என் கொள்கை செத்தது. எனக்கோ அடக்கமுடியாத மகிழ்ச்சி. மிளகாயைப் பற்றிய அத்தியாயம் உயிரோடு கையில் இருந்தது.

கையிலிருந்த குருவியை ஆன்ட்டி உற்றுப் பார்த்தார். "மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்குதுங்களே. பாவம், இதுகளுக்கு எவ பொண்ணு குடுப்பா? இதுக்கா உங்களுக்கு டாக்டர் பட்டம்?"

பட்டம் கிடைத்தது. அடுத்த கோடையில் வலைக்கம்புகளைப் பிடுங்கியெடுக்க ஒரு சனிக்கிழமை, வருவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனேன். கொல்லை கூட்டப்படவில்லை. விரிப்பு நிறைய மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அங்கிளுக்கு மீண்டும் வேலை கிடைத்திருந்ததால் காவல் நாற்காலி காலியாக இருந்தது. ஆன்ட்டி மட்டையை என் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார். நான் உட்கார்ந்து தும்மினேன்.

வளையம் இல்லாத குருவிகளைக்கூட விரட்டவில்லை.