இரண்டாவதாகப் பேசிய எழுத்தாளர்

சிறுவர் கதை எழுதுகிறவர்களுக்குள் பொறாமை இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதுகிறவர்களாவது பத்திரிகையில் ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். நாங்கள் முயல், ஆமை என்று சிரித்துக்கொண்டே வயிறெரிய வேண்டும்.

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் பருத்திப்பட்டில் இருக்கும் ஒரு பெண். அவரும் சிறுவர்களுக்குத்தான் எழுதுகிறார். எனக்கு வெகு பின்னால் எழுத வந்தவர், என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய புத்தகம் ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்துவிட்டுப் போன வருடம் அயர்லாந்துக்கு அழைத்துவிட்டார்கள். பெரிய நகரம்கூட இல்லை, கடலோரச் சின்ன ஊர்கள். ஊருக்கு ஒரு நூலகம், ஊருக்கு ஒரு குட்டி இலக்கிய விழா. அவர் அங்கே இருந்த வரை நான் கண் விழித்ததே அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான். மழை, கம்பளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், நடுவில் இவர், காட்டன் புடவைமேல் ஸ்வெட்டரோடு. பார்க்காமல் விட்டிருக்கலாம். தினமும் பார்த்தேன். அந்த நாட்களில் நான் பாடியில் ஒரு பள்ளிக்கும் பூந்தமல்லியில் ஒரு நூலகத்துக்கும் போனேன். பூந்தமல்லியில் கரண்ட் இல்லை.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒன்பது வயது என் மகள் அந்தப் பெண்ணின் கதைகளைத்தான் அட்டை கிழியப் படிக்கிறாள். என்னுடையதைப் படித்துவிட்டு, “நல்லா இருக்குப்பா” என்பாள், கசப்பு மருந்தைக் குடித்துவிட்டுச் சொல்வதைப் போல. என் கதைக்கு ஒரு முறையாவது அவள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை எனக்குக் கிடையாது.

முகப்பேரில் ஒரு நூலகத்தில் எங்கள் இருவரையும் ஒரே நாளில் அழைத்தார்கள். முதலில் அவர் அயர்லாந்து அனுபவத்தைச் சொல்வார், இரண்டாவதாக நான் கதை சொல்லி முடித்துவைப்பேன். நன்றியுரை என் மகள். நம் ஊரில் பிள்ளைகள் மேடையேறினால் பெற்றவர்கள்தான் எழுதிக் கொடுப்போம், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். நானும் எழுதினேன். பெயர் போட்டு என்னை நானே புகழ்ந்தால் நன்றாக இருக்காது என்று யார் பெயரையும் போடவில்லை. ‘முதலில் பேசிய எழுத்தாளருக்கு நன்றி’ என்று ஒரே வரி. ‘இரண்டாவதாகப் பேசிய எழுத்தாளரோ’ என்று தொடங்கி ஒரு முழுப் பத்தி. எங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார், இவரைப் போல் கதை சொல்ல யாரால் முடியும், எல்லாம் இருந்தது. வீட்டில் அவள் ஒப்பித்தபோது எனக்கே கண் கலங்கியது.

அன்றைக்கென்று பார்த்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லாரி பழுதாகி நின்றது. அவர் வந்த பஸ் நகரவில்லை. வாசலில் இருந்த காவலாளி, “இன்னா சார், ஃபாரின் போய்ட்டு வந்தாங்களே, அவங்க இன்னும் வர்லியா?” என்று என்னிடமே கேட்டார். நூலகர் அம்மா வந்து, “சார், புள்ளைங்க நெளியுதுங்க. நீங்க முதல்ல ஆரம்பிச்சிடுங்களேன்” என்றார். ஆரம்பித்தேன். பிள்ளைகள் சமத்தாகக் கேட்டார்கள். சமத்தாகக் கேட்டார்கள் என்றால் சிரிக்கவில்லை என்று பொருள். முன்வரிசையில் என் மகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முடிக்கும் நேரத்தில் அவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். “சாரி அண்ணா” என்றவர், மைக்கைத் தொடாமல் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அயர்லாந்தில் காற்று குடையோடு சேர்த்து அவரை ஒரு ரொட்டிக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போன கதையைச் சொன்னார். அங்கே ஒரு வாண்டு, உங்கள் ஊர் ரோட்டில் ஆடு குறுக்கே வருமா என்று கேட்டதாம். “எங்க ஊர்ல எருமை வரும், பஸ்ஸுக்கு முன்னாடி நின்னு டிரைவரையே மொறைக்கும்னு சொன்னேன்” என்று எருமையாகவே முறைத்துக் காட்டினார். என் மகள் பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்து மூச்சு முட்டச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நானும் கைதட்டினேன். உள்ளே பற்றி எரிந்தது.

பிறகுதான் நன்றியுரை ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் மைக் முன்னால் நின்றுவிட்டாள். கண்ஜாடை காட்டினேன், தலையை ஆட்டினேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். “முதலில் பேசிய எழுத்தாளருக்கு நன்றி.” எனக்கு அவ்வளவுதான். நான் எழுதிய பத்தி முழுவதும், ஏற்ற இறக்கம் பிசகாமல், அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். “அயர்லாந்துலகூட யாரும் இப்படிச் சொல்லலண்ணா. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

“ஆமாம்மா” என்றேன். வேறென்ன சொல்ல.

வண்டியில் திரும்பும்போது மகளிடம் கேட்டேன். “யார் முதல்ல பேசினதுன்னு மாறிப்போச்சே, நீ கவனிக்கலையா?”

“கவனிச்சேம்பா.”

“அப்போ மாத்திச் சொல்லியிருக்கலாம்ல?”

பின் சீட்டில் இருந்தவள் என் தோளருகே எட்டிச் சொன்னாள்.

“மாத்தலாம்னுதான் நெனச்சேன். ஆனா அதுல ‘சிரிக்க வைத்தார்’னு இருந்துச்சேப்பா.”