விழுந்தும் பதில் சொன்ன தம்பி

சாமராஜநகர்-மைசூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு தம்பி. இன்ஜினியர் வேலைக்கு இன்டர்வியூவாம். கண்ணை மூடி, "நல்ல கேள்வி சார்" என்று சொல்லிச் சொல்லி பதில்களை முணுமுணுத்தார்.

"பயமா இருக்கும்மா. நீங்களும் ஏதாச்சும் கேளுங்க."

எனக்கு ஆம்பளைகளிடம் பேசவே கூச்சம். ஆனாலும் கேட்டேன். "பிரேக் போட்டா ஏன் தம்பி முன்னாடி சாயறோம்?"

"நல்ல கேள்வி சார்" என்று எழுந்து, டிரைவர் பக்கம் முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் ஆட்டி விளக்கினார். குறுக்கே ஒரு மாடு. டிரைவர் பிரேக் போட, தம்பி மல்லாந்து விழுந்தார்.

"எந்திரிங்க சார், உங்க ஸ்டாப் இன்னும் வரல" என்றார் கண்டக்டர்.

தம்பி படுத்தபடியே என்னிடம், "பஸ் நின்னாலும் உடம்பு ஓடிட்டே இருக்கும்மா. அதான்" என்றார்.

சட்டை முதுகெல்லாம் அழுக்கு. சொல்ல எனக்குக் கூச்சம்; தம்பி அப்படியே இறங்கிப் போய்விட்டார். இன்டர்வியூவில் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் நல்லது. சாட்சி முதுகிலேயே இருந்ததே.