வாழைப்பழமும் நானும் ஏறிய படகு

அந்தப் படகில் ராசி கெட்டவை என்று பெயர் வாங்கியவை இரண்டு. ஒன்று வாழைப்பழம். இன்னொன்று நான்.

வாழைப்பழத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில், எங்கள் எதிர் பிளாக்கில் என் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் குடியிருந்தார். சென்னையில் மாம்பலத்துக்காரர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கினார். புதுக் காருக்குச் செய்வதையெல்லாம் படகுக்கும் செய்தார். குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, முன்பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பக்கத்துப் படகுக்கார வெள்ளைக்காரத் தாத்தா பதறிப்போனார். மீன்பிடிப் படகில் வாழைப்பழம் ஏறினால் ஒரு மீனும் சிக்காதாம். கற்பூரத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

ராரிட்டன் வளைகுடாவில் கோடு போட்ட பாஸ் மீன் கூட்டம் கூட்டமாக வரும் இலையுதிர் காலம் அது. சனிக்கிழமை தோறும் நாங்கள் மூன்று பேரும் போவோம். எனக்கு அப்போது வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. வாரம் முழுக்க நாலு சுவருக்குள் கிடந்தவளுக்கு மூச்சு வந்ததே அந்தப் படகில்தான். அந்த இடத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பாஸுக்கு இரை பங்கர் என்று ஒரு மீன், நம் மத்திக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அதை உயிரோடு தொட்டியில் வைத்திருந்து, மூக்கில் கொக்கியைக் கோத்துக் கடலில் விட வேண்டும். பிறகு படகை ஊர்வது போல ஓட்டி இழுத்துக்கொண்டே போக வேண்டும். அண்ணாவுக்கு ஒரு தூண்டில் கோல், கணவருக்கு ஒரு கோல். எனக்குப் புளிசாத டப்பா.

வாரக்கணக்கில் ஒரு மீனும் இல்லை. முதலில் வாழைப்பழத்தைத் திட்டினார்கள். அது போய் எத்தனையோ நாளாகியும் மீன் வரவில்லை. வேறு யார் மேல் பழி போடுவது? ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கணவர் சொன்னார்:

"நாளைக்கு நீ வர வேணாமே. அவன் ஃபீல் பண்றான். லேடீஸ் ஏறினா கடல்ல ராசியில்லன்னு அவங்க பக்கம் ஒரு பேச்சு இருக்காம்."

"அவரு பக்கமா? மாம்பலத்துல எந்தக் கடல் இருக்கு?"

எனக்கு வந்ததே கோபம்! "நாளைக்கு ஒரு கோலை என் கையில குடுங்க. மீன் வரலன்னா அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்றேன்.

மீன் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே என்ன வேலை? கோல் லேசாக ஆடினாலே இருவரும் பாய்ந்து வெடுக்கென்று இழுப்பார்கள். திரும்பி வரும் இரையின் வாலில் செதில் உரிந்திருக்கும். பாஸ் கவ்வியது வாலை, கொக்கி இருப்பதோ மூக்கில். அது முழுசாக வாய்க்குள் வாங்க நேரம் கொடுத்தால்தானே? இதை நான் சொல்லாமலும் இல்லை. "சிஸ்டர், புளிசாதம் சூப்பர்" என்றார் அண்ணா.

மறுநாள் வேண்டுமென்றே பையில் ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டேன். நடு வளைகுடாவில், அண்ணாவின் கண்ணெதிரே உரித்தேன்.

"ஐயையோ சிஸ்டர், என்ன பண்றீங்க!"

"பசிக்குது."

நிதானமாக முழுசையும் தின்றேன். போகிற ராசி மொத்தமாகப் போகட்டும்.

கொஞ்ச நேரத்தில், கணவர் எனக்கு விட்டுக்கொடுத்திருந்த கோல் நடுங்கியது. "இழு, இழு!" என்று கணவர் கத்தினார். நான் இழுக்கவில்லை. ரீலைத் தளர்த்தி நூலை ஓட விட்டேன். ஓடியது, நின்றது. மறுபடி விர்ரென்று ஓடத் தொடங்கியபோதுதான் ரீலைப் பூட்டி ஓங்கி இழுத்தேன். கோல் வில்லாக வளைந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கணவர் கோலைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி!"

கையை எடுத்துக்கொண்டார். வலி தாங்காமல் கண்ணில் நீர் வந்தது, ஆனால் பிடியை நான் விடவில்லை. கடைசியில் மீன் படகோரம் வந்தது. அண்ணா வலையில் ஏந்தித் தூக்கினார். மூன்று வயதுக் குழந்தை உயரம் இருந்தது.

அண்ணா குதியாய்க் குதித்தார். "சிஸ்டர், உங்க ராசியே ராசி! இனிமே நீங்க இல்லாம போட்டை எடுக்கவே மாட்டேன்."

"லக்கி டே" என்றார் கணவர்.

என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்த ராசிப் பேச்சுதான் உறுத்தியது.

"மீன் வரலன்னா நான் ராசி கெட்டவ. வந்தா ராசிக்காரி. நடுவுல நான் ஒண்ணுமே பண்ணலியா?"

கணவர் இரைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணா. யார் பிடிச்சது?"

அவர் மீனைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்கதான்."

"எப்படிப் பிடிச்சேன்?"

"இழுக்காம... வெயிட் பண்ணி" என்றார், வாய்க்குள்ளேயே.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன். "சத்தமா."